முதிர்ந்த பூனையும் சீவகாருண்ணியமும்

சிவமயம்



கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதப் பழக்கும் முதற் கட்டுரைகளுள் ஒன்று பூனையைப் பற்றியது. பூனை ஒரு வீட்டு மிருகம், அதற்கு நான்கு கால்கள் உண்டு, அது பால் குடிக்கும், எலியைப் பிடிக்கும், ஆதலால் நமக்கு உபகாரமானது. இவ்வளவே அக்கட்டுரை. பிள்ளை எழுதிக் காட்ட, ஆசிரியர் எழுத்துப்பிழை திருத்திக் கையொப்பம் வைக்கின்றார். கருத்துப்பிழையோ திருத்தப்படாமலே நின்றுவிடுகின்றது. எலியைப் பிடித்தலினாலே பூனை நல்லது என்று கற்ற பிள்ளை, எலியைப் பிடிக்கமாட்டாத பூனையை யாதென்று எண்ணும்? பல் தேய்ந்து, கண் மங்கி, செவி கேளாது, அடுப்படிச் சாம்பலருகே நாள் முழுதும் சுருண்டு கிடக்கும் பூனை அக்கட்டுரையின்படி உபகாரமற்றது. வீட்டார் ஒருநாள் அதனைச் சாக்கிலே கட்டி மீன்சந்தைக்குப் பின்புறத்தே விட்டு வருவாராயின், பிள்ளை அதனை நியாயமென்றே கொள்ளும். பள்ளியிலே படித்த பாடமும் வீட்டிலே கண்ட செயலும் ஒத்திருத்தலின் என்க.

ஆதலால், முதுமையும் நோயும் அடைந்த ஒரு பூனையை வீட்டிலே வைத்துப் பேணுதல் எவ்வாறு என்பதனை இங்கே சிறிது விரித்துப் பேசக் கருதினேன். சமயப் பத்திரிகையிலே பூனைக்கு என்ன இடம் என்று சிலர் நகைத்தல் கூடும். அவர் நகைக்க. சீவகாருண்ணியம் என்னும் சொல்லைப் பிரசங்கமேடையிலே முழங்குதல் எளிது. மழைக்கால இரவிலே எழுந்து, தன் இடத்தையே நனைத்துக்கொண்டு நடுங்கும் ஒரு கிழப்பூனையைத் துடைத்து உலர்ந்த சாக்கிலே கிடத்துதல் அத்துணை எளிதன்று. அச்சொல்லின் பொருள் இரண்டாவதிலேயே இருக்கின்றது.

சைவசித்தாந்தம் கூறும் முப்பொருளுள்ளே பசு என்பது ஆன்மா. அது மனிதவுடம்பிலே ஒருவகையும் பூனையுடம்பிலே வேறொருவகையும் ஆவதன்று. அண்டசம், சுவேதசம், உற்பீசம், சராயுசம் என்னும் நால்வகைத் தோற்றத்துள்ளே பூனையும் மனிதனும் கருப்பையிற் பிறக்கும் சராயுசத்தின் பாற்பட்டன. எண்பத்துநான்கு நூறாயிரம் யோனிபேதங்களிலே நம்முடைய ஆன்மாவும் புகுந்து உழன்று வந்ததென்றே நூல்கள் கூறுகின்றன. ஆகவே நமது அடுப்படியிலே கிடக்கும் அப்பூனை நாம் கடந்துவந்த வழியிலே பின்னே வருகின்ற ஓர் உயிர். அதற்கும் நமக்கும் உள்ள வேற்றுமை உடம்பினாலும் கருவிகளினாலும் வினையினாலும் ஆயதேயன்றி, உயிரினால் ஆயதன்று. அதனுள்ளும் சிவபெருமான் பிரிவறக் கலந்து நிற்கின்றார்.

பசுவைப் பேணுதலைப் பற்றிச் சைவருக்கு எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. பசு பால் தருகின்றது; சாணம் தருகின்றது; திருநீற்றுக்கும் பஞ்சகவ்வியத்துக்கும் மூலமாகின்றது; அதனைப் பேணுவோருக்குப் புண்ணியம் உண்டென்று நூல்களும் விளம்புகின்றன. நாய் வாயிலைக் காக்கின்றது; வைரவசுவாமியின் வாகனம் என்னும் பெருமையும் அதற்குண்டு. பூனைக்கோ இத்தகைய சிறப்பு யாதும் இல்லை. நம் நூல்களிலே அதற்கு நற்பெயரும் குறைவு. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்திலே முன்கால்களை உயர்த்தித் தவஞ்செய்கின்ற பூனையைச் செதுக்கி, அதன் காலடியில் எலிகளையும் காட்டியிருக்கின்றனர். பொய்த்தவத்துக்கு அஃது எடுத்துக்காட்டாயிற்று. கம்பர் தமது அவையடக்கத்திலே பாற்கடலைக் குடிக்கப் புகுந்த பூனையைத் தமக்கு உவமை கூறியதும் அதன் பெருமையை நோக்கியன்று. ஆகவே எலி பிடிக்கும் காலமும் கழிந்த பூனையைப் பேணுவோன் பாலும் பெறான், காவலும் பெறான், ஊரார் மெச்சுதலும் பெறான். கைம்மாறு கருதாத காருண்ணியம் யாதென்று வினவும் மாணாக்கனுக்கு இதனிலும் தெளிவான உதாரணம் நம் வீடுகளிலே இல்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அது தன் பிராரத்துவத்தை அநுபவிக்கின்றது. நாம் இடைப்புகுந்து தடுப்பதனால் ஆவதென்னை என்பர் சிலர். சித்தாந்தம் கற்றவர்போலத் தோன்றுவோர் வாயிலேயே இவ்வார்த்தை அடிக்கடி பிறக்கின்றது. அவரை நோக்கி ஒரு வினா: தம்முடைய பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபொழுது அவர் வைத்தியரைத் தேடி ஓடினாரா, பிராரத்துவம் என்று வாளா இருந்தாரா? வினைப்பயனை ஊட்டுபவர் சிவபெருமான். அப்பயனிலே துன்பமும் உண்டு, துன்பத்தினிடையே வரும் ஆறுதலும் உண்டு. அவ்வாறுதல் யார் கையினாலே வரும் என்பது நாம் அறியோம். நமது கையினாலே வருதற்கு உரியதை நாம் மறுப்போமாயின், அம்மறுப்பு நமக்கு ஆகாமியமாக ஏறும். பூனையின் நோய் பூனையின் வினை. அதனைக் கண்டும் காணாதார்போல் நடத்தல் நம்முடைய வினை. இவ்விரண்டையும் ஒன்றாக மயங்குதல் கூடாது.

திருவிளையாடற்புராணத்திலே பன்றிக்குட்டிகளுக்கு முலைகொடுத்த படலத்தைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லுகின்றோம். குருவை அவமதித்துச் சாபம் பெற்றமையாலே சுகலன் என்பவனுடைய மக்கள் பன்னிருவரும் பன்றிக்குட்டிகளாய்ப் பிறந்து, தாயும் தந்தையும் வேட்டையில் இறக்க, பசியினால் வருந்திக் கிடந்தனர். அவர் துன்பம் தாம் செய்த தீவினையின் பயனென்பதிலே ஐயமில்லை. ஆயினும் சோமசுந்தரக்கடவுள் வினையென்று விட்டிலர். தாய்ப்பன்றியாகி வந்து பால் ஊட்டினார். திருமூலநாயனார் சரிதத்தையும் நினைக்க. சாத்தனூரிலே மேய்ப்பன் மூலன் இறந்துகிடக்க, பசுக்கள் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து மோந்து கதறுதலைக் கண்ட யோகியார், அவற்றின் துயரை நீக்குதற்பொருட்டுத் தம் உடம்பை விட்டு அவன் உடம்பிலே புகுந்தார். விலங்குகளின் துயரம் யோகியின் பிரயாணத்தையே தடுத்து நிறுத்துதற்குப் போதியதாயிற்று. நமக்கோ ஒரு நேர நித்திரை கெடுதல் பெரிதாகத் தோன்றுகின்றது.

இனி, காருண்ணியம் மாத்திரம் இருந்தாற் போதாது, அறிவும் வேண்டும். மனிதனுக்கு ஏற்றதெல்லாம் பூனைக்கும் ஏற்குமென்று எண்ணிச் செய்யும் அன்பு அதனைக் கொன்றுவிடுதலும் உண்டு. ஆதலால் அதன் சரீரத்தின் இயல்பை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நன்று.

வீட்டிலே நன்றாகப் பேணப்படும் பூனை பன்னிரண்டு முதற் பதினெட்டு ஆண்டு வரையும் சீவிக்கும். இருபதைத் தொடுவனவும் உண்டு. பதினோராண்டு கடந்தபின் அதனை முதியதென்று கொள்ளலாம். பூனை தன் நோயை மறைக்கும் இயல்புடையது. காட்டிலே தனித்து வேட்டையாடும் இனத்தில் வந்தமையால், தளர்ச்சியைக் காட்டுதல் பகையை வரவழைத்தலாகும் என்பது அதன் சுபாவத்திலே பதிந்திருக்கின்றது. நாயைப்போல அது குரலெழுப்பி முறையிடாது. தொண்டையிலே குறுகுறுவென்று ஒலிக்கின்றதே, சுகமாய் இருக்கின்றது போலும் என்று எண்ணுதலும் தவறு. நோவிலும் மரணத்தறுவாயிலும் அவ்வாறு ஒலித்தல் உண்டு. ஆதலால் அது சொல்லுமென்று காத்திராது, நாமே நோக்கி அறிதல் வேண்டும்.

முன்போல மதிலின்மேற் பாயாது, தாழ்ந்த பீடத்திலும் தயங்கி ஏறுமாயின், அது சோம்பல் அன்று, மூட்டுக்களிலே வாதம். முதிய பூனைகளுட் பெரும்பாலனவற்றிற்கு இஃது உண்டு. உணவை நாடி வந்து, வாய்வைத்து, தலையைச் சாய்த்துக் கீழே போட்டுவிட்டுப் போகுமாயின், அது செருக்கு அன்று. பல்லும் ஈறும் புண்பட்டிருத்தல். முன்னையினும் மிகுதியாக நீர் அருந்தி மிகுதியாகச் சிறுநீர் கழித்து மெலியுமாயின் சிறுநீரகம் கெட்டுவருகின்றது என்று ஐயுறுக. நீரிழிவும் அவ்வாறே தோன்றும். சிறுநீரகத்தின் தொழிலிலே மூன்றில் இரண்டு பங்கு அழிந்தபின்னரே இக்குறி வெளிப்படுதலால், கண்ட நாளிலேயே வைத்தியரிடம் கொண்டு செல்லுதல் நலம். மாறாக, மிகுதியாக உண்டும் எலும்புந் தோலுமாய் மெலிந்து, ஓரிடத்தில் நில்லாது கத்தித் திரியுமாயின், கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி மிகைப்பட்டிருத்தல் கூடும். பூனைக்கு இந்நோய் உண்டென்பது 1979 ஆம் ஆண்டிலேயே முதன்முதல் விளக்கி எழுதப்பட்டது. இன்று மாத்திரையினால் அடக்கப்படுகின்றது. இரத்த அழுத்தம் உயர்ந்தமையால் ஒரே நாளிற் கண் தெரியாது போதலும் உண்டு. சுவரிலே முட்டுகின்ற பூனையைக் கண்டு சிரிக்கும் பிள்ளைகளை அருகழைத்து அதன் கண்ணைக் காட்டுக.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. பூனை இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் உண்ணாதிருத்தல் ஆகாது. மனிதன் உபவாசம் இருத்தலினாலே சரீரசுத்தி அடைகின்றான் என்பர்; பூனையின் உடம்பிலோ, பட்டினியினால் உடற்கொழுப்பு ஈரலிலே வந்து அடைந்து அதனைக் கெடுக்கின்றது. பருத்த பூனைக்கு இவ்வபாயம் மிக அதிகம்.

இவ்விடத்திலே சைவ வீடுகளுக்கு மாத்திரம் உரிய ஒரு சங்கடம் எழுகின்றது. அதனை மறைத்துப் பேசுதலில் பயனில்லை. பூனை புலாலுண்ணும் உடம்போடு படைக்கப்பட்டது. தோரின் என்னும் ஒரு சத்தை மனிதவுடம்பு தானே ஆக்கிக்கொள்ளும். பூனையுடம்பு போதிய அளவு ஆக்கிக்கொள்ளாது. அது மச்சத்திலும் மாமிசத்திலும் உண்டு. சோற்றிலும் மரக்கறியிலும் இல்லை. அச்சத்துக் குறைந்தால் கண் குருடாகும், இருதயம் தளரும். இருதயத் தளர்ச்சிக்கும் இக்குறைவுக்கும் உள்ள தொடர்பு 1987 ஆம் ஆண்டிலே நிறுவப்பட்டது. இனிப்பை அறியும் சுவையுணர்வுகூட அதன் நாவுக்கு இல்லை. பாலுஞ் சோறும் பூனைக்குப் பரம போசனம் என்பது நமது கற்பனையேயாம். வளர்ந்த பூனைகளிற் பலவற்றிற்குப் பால் செரியாது வயிற்றோட்டத்தை உண்டாக்கும்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் இருபத்தைந்து நாள். அக்காலத்திலே யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் மச்சச் சட்டி அடுப்படியை விட்டு அகற்றப்படும், வீடு கழுவப்படும், ஆண்டு முழுவதும் மச்சம் உண்போரும் விரதம் காப்பர். மிக நன்று. ஆயின் அவ்வீட்டுப் பூனையும் கூடவே விரதம் காக்க நேருகின்றது. இளம் பூனை ஓணான், எலி, அயல்வீடு என்று தன் வழியைப் பார்த்துக்கொள்ளும். கிழப்பூனைக்கு அவ்வழி இல்லை. கொடியேறி ஏழெட்டு நாளில் அது சோற்றை மணந்துபார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். தேர் அன்று அது எழும்பாது. வீட்டார், முருகன் திருவிழாக்காலத்திலே போய்ச்சேர்ந்தது, கொடுத்துவைத்தது என்பர்!

கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் விரதமாக ஏற்றல் மனிதப்பிறவிக்கு உரிய சிறப்பு. ஏற்றுக்கொள்ளுதற்கு அறிவும் சங்கற்பமும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத உயிரின்மேல் நமது விரதத்தைச் சுமத்துதல் விரதமாகாது, அது பட்டினியிடுதல். விரதம் என்பது நாம் நம்மை ஒறுத்தலேயன்றிப் பிறிதோர் உயிரை ஒறுத்தலன்று. அப்படியாயின் மரக்கறி போசனமே கொள்ளும் சைவர் தம் கையினால் மீன் வாங்கிக் கொடுத்தல் தகுமா என்று ஓர் ஆசிரியர் வினவுவாராயின், அவ்வினாவை நான் இலேசாகத் தள்ளேன். வாங்குவோன் உளனாகவே கொல்வோன் உளன் என்னும் நியாயம் வலிதே. பூனையை வளர்க்கப் புகுமுன்னே இதனை எண்ணுதல் வேண்டும். வளர்க்காதிருத்தற்கு ஒருவருக்கு முழுச் சுதந்திரமும் உண்டு. பன்னீராண்டு வளர்த்து அது கிழமான பின்னர் இந்த நியாயத்தை நினைந்துகொள்ளுதலே குற்றம். அடைக்கலமாக வந்த உயிரை ஏற்றபோதே அதன் உடம்பின் இயல்பையும் உடன் ஏற்றோம். புலாலின்றித் தோரினைச் செயற்கையாகச் சேர்த்து ஆக்கிய உணவுகளும் இக்காலத்தில் உண்டு. அவற்றை நாடுவோர் நாடுக. ஆயினும் நோயுற்ற முதிய பூனைக்கு, வைத்தியரைக் கேளாமல் உணவை மாற்றுதல் கூடாது. மரக்கறி வீட்டார்க்கு நான் கூறத்தக்கது இதுவே: பூனைக்கென்று வேறு பாத்திரம் வைத்து, பூசையறைக்கும் அடுக்களைக்கும் அப்பால் கோடித்தாழ்வாரத்திலே ஊட்டி, கைகால் கழுவி உள்ளே வருக. ஆசாரமும் கெடாது, உயிரும் வாடாது.

மீன் கொடுப்போர் அவித்து முள் நீக்கிக் கொடுத்தல் வேண்டும். பச்சை மீன் சிலவற்றிலே உயிர்ச்சத்து ஒன்றை அழிக்கும் பொருள் உண்டு. அவித்தால் அது நீங்கும். மீன் மாத்திரமே நெடுநாட் கொடுத்தலும் பூரணமான உணவாகாது. குழம்பிற் கிடந்த மீனைக் கொடுக்கற்க. வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்க. முதிய பூனைக்கு மணம் அறிதல் குறைந்திருத்தலால், உணவை இளஞ்சூடாக்கினால் விரும்பி உண்ணும். அகன்ற பாத்திரங்களில் நல்ல நீரை இரண்டு மூன்று இடங்களில் வைக்க. சிறுநீரகம் கெட்ட பூனைக்கு நீரே பாதி மருந்து என்னலாம். குடித்தது போதாதபொழுது தோலின்கீழ் நீரேற்றும் முறையை மிருக வைத்தியரே வீட்டாருக்குக் கற்பிப்பதும் உண்டு.

மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. காய்ச்சலுக்கும் தலைநோவுக்கும் நாம் விழுங்குகின்ற பரசிற்றமோல் மாத்திரை பூனைக்கு நஞ்சு. ஒரு மாத்திரையே அதன் உயிரைப் போக்கவல்லது; பாதியும் பாதுகாப்பன்று. அதனை முறித்து அகற்றும் கருவி மனிதனுடைய ஈரலில் உண்டு, பூனையின் ஈரலில் மிகக் குறைவு. இரக்கத்தினாலே அதனைக் கரைத்து வாயில் வார்த்து, விடியுமுன் பூனையை இழந்தவர் பலர். நாய்க்கு விற்கப்படும் தெள்ளுமருந்துகளிற் சிலவும் பூனைக்கு ஆகா. மண்ணெண்ணெய் பூசுதலும் ஆகாது. அது தன் மயிரை நக்கும் பிராணியாதலால் பூசியது யாவும் வயிற்றிற் செல்லும். பிரதேசங்கள்தோறும் அரசினர் மிருக வைத்திய அலுவலகங்கள் உள்ளன. அங்கே பசுவும் ஆடும் வருதலே வழக்கம். பூனையைக் கொண்டுசெல்ல நம்மவர் நாணுகின்றனர். நாணவேண்டுவதில்லை.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வேன். நிலத்தோடு படிந்த தாழ்வான படுக்கை. மடித்த சாக்கு அல்லது பழஞ்சேலை. ஈரக்காற்றுப் படாத மூலை. மலசலத்துக்கு, விளிம்பு தாழ்ந்த தட்டிலே மணல் இட்டு அருகே வைத்தல். நகத்தை மாதம் ஒருமுறையேனும் பார்த்தல். முதிய பூனை மரத்திலே கீறாமையால் நகம் வளைந்து பாதத்திலேயே குத்தும். தன்னை நக்கிச் சுத்தஞ்செய்ய முடியாதபொழுது ஈரத்துணியால் துடைத்து வாருதல். இவையெல்லாம் பத்து வயதுப் பிள்ளையும் பெரியோர் பார்த்திருக்கச் செய்யத்தக்கவை.

அது வீட்டுக்குள்ளே நனைத்தலும் இரவிலே நீளக் கத்துதலுமே வீட்டாரின் பொறுமையைப் பெரிதுஞ் சோதிப்பன. நனைத்ததற்கு அடித்தால், அடியினால் மூட்டுவாதம் மாறுமா? இரவிலே கத்துதல் அபசகுனம் என்று கிழவிகள் பயமுறுத்துவர். செவி கேளாமையாலும், மறதியாலும், இரத்த அழுத்தத்தாலும், தான் இருக்கும் இடம் தெரியாத மயக்கத்தாலும் அது கத்துகின்றது. ஒருவர் எழுந்து சென்று தடவிக்கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். பாட்டனார் இரவிலே எழுந்து, விடிந்துவிட்டதா என்று ஐந்துமுறை கேட்டால் அதனையும் அபசகுனம் என்போமா? உயிர்கள்தோறும் சிவம் நிறைந்துள்ளது என்று காலையிற் பாடிவிட்டு, பூனை குறுக்கே வந்தது என்று வாயிலிலே நின்று திரும்பும் சைவரை என்னென்பது! பாடசாலைக்கு வரும் வழியிலே அவ்வாறு திரும்பும் ஆசிரியரும் உண்டென்று கேள்வி. அவர் வகுப்பிலே சகுனம் மூடநம்பிக்கை என்று கற்பிப்பது எவ்வாறோ அறியேன்.

இனிச் சாக்கைப் பற்றிப் பேசுவோம். சந்தையிலே மீன்குடல் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லி விடுவோர் தம் மனத்தை ஏமாற்றுகின்றனர். சந்தையிலே முன்னமே பூனைகளும் நாய்களும் உண்டு. அவை எல்லை வகுத்துக்கொண்டவை. பல்லில்லாத புதுவரவு அங்கே ஒரு வாரமும் தரியாது. இலங்கையிலே மிருகங்களுக்குக் கொடுமை செய்தலைத் தடுக்கும் கட்டளைச்சட்டம் 1907 ஆம் ஆண்டிலேயே, 13 ஆம் இலக்கமாக, ஆக்கப்பட்டது. சட்டம் உண்டு என்பதை மாணாக்கர் அறிதல் நன்று. ஆயினும் இரவிலே சாக்கோடு செல்பவனைச் சட்டம் காண்பதில்லை.

வேதனை தீராத பிராணியை ஊசியினாலே அமைதியாக இறக்கச் செய்தல் தகுமா என்பது இதனின் வேறானதும் கடினமானதுமான வினா. 1927 நவம்பரிலே யாழ்ப்பாணம் வந்து சென்ற காந்தியடிகள், அடுத்த ஆண்டு, 1928 இல், சபர்மதி ஆச்சிரமத்திலே தீராத நோவிற் கிடந்த கன்றொன்றை வைத்தியரைக்கொண்டு ஊசியேற்றி இறக்கச் செய்தார். அகிம்சையைப் போதித்தவரே இவ்வாறு செய்தாரென்று பெருங் கண்டனம் எழுந்தது; அவர் தாம் செய்தது அகிம்சையே என்று விடை எழுதினார். சித்தாந்த நெறிநின்று நோக்குவோருக்கு, உடம்பைத் தந்தவர் கையிலேயே அதனை நீக்குதலும் உளது. அநுபவிக்கவேண்டிய வினை, உடம்பை நீக்கினமையால் ஒழிந்துபோகாது. ஆதலால் யான் அதனை விரும்பேன். நோவை அடக்கும் மருந்துகள் இக்காலத்தில் மிக உண்டு. அவற்றைக் கேட்டுப் பெறுதலே முதற் கடமை. அவ்வூசியை நாடுவோர் முன்னர்த் தம்மைத் தாமே ஒன்று கேட்டல் வேண்டும்: தீர்க்க விரும்புவது பூனையின் வேதனையையா, நாற்றத்தையும் கண்விழிப்பையும் தாங்கமாட்டாத நம்முடைய வேதனையையா? பல மாதம் மடியில் வைத்துப் பேணி, எம்மருந்தாலும் அடங்காத நோவைக் கண்டு, வைத்தியர் சொல்ல, கண்ணீரோடு அதற்கு இசைந்தவரைக் கண்டிக்க யான் துணியேன். என் கண்டனம் சாக்கைத் தூக்குபவன்மேலது. இவ்விருவரையும் ஒருதட்டில் வைத்துப் பேசுதல் நீதியன்று.

அந்தியகாலம் நெருங்கும்போது பூனை மறைவிடம் தேடும், உண்ணாது, உடம்பு குளிரும், மூச்சு ஆழ்ந்து இடைவிடும். அப்போது வாயிலே எதனையும் வலிந்து ஊற்றற்க. புரைக்கேறி அதுவே துன்பமாய் முடியும். நாவை நனைத்தல் போதும். வெளிச்சமும் இரைச்சலும் குறைந்த இடத்திலே கிடத்தி, அது அறிந்த ஒருவர் அருகே இருத்தல் நன்று. அதன் செவியிலே பஞ்சாட்சரத்தை மெல்ல உச்சரித்தல் தகுமா என்று ஐயுறுவோர், மதுரையிலே கரிக்குருவிக்கு மந்திரோபதேசம் அருளப்பட்ட சரிதத்தை நினைக்க. குருவிக்குக் கேட்டது பூனைக்குக் கேளாதோ?

இறந்தபின் குப்பைமேட்டிலும் கடற்கரையிலும் எறியற்க. வளவின் ஒரு மூலையிலே, கிணற்றுக்குத் தூரமாக, நாய் கிண்டாத ஆழத்திலே புதைக்க. உறவினருக்குரிய ஆசௌசம் இதற்கில்லை. இடத்தைக் கழுவி நீராடினாற் போதும். பிள்ளைகள் பார்க்கக்கூடாதென்று ஒளிக்கவேண்டாம். குழிக்கு மண் இட விரும்பும் பிள்ளைக்கு ஒரு பிடி மண்ணைக் கையிற் கொடுக்க. அடுத்தநாள் வகுப்பிலே ஒரு பிள்ளை கண்கலங்கி இருந்தால், பூனைதானே என்று சொல்லற்க. அதன் பெயர் என்ன, எத்தனை வயது என்று கேட்க. தூரதேசம் போய்விட்டது, திரும்பி வரும் என்று பொய்யும் சொல்லற்க. செத்துப்போயிற்று என்று சொல்லி, எங்கே போயிருக்கும் என்று அப்பிள்ளை கேட்குமாயின், அன்று பாடத்தை நிறுத்திவைத்து, ஆன்மா என்பது யாது என்று அங்கிருந்தே தொடங்குக.